கொழுக்கும் பூனை, குறையாத சர்க்கரை

சர்க்கரை நோய் வந்த பூனை இளைக்கும். அதுதான் பாடப்புத்தகக் கணக்கு. தட்டில் வைத்ததையெல்லாம் தின்றாலும், தண்ணீர்க் கிண்ணத்தை நாளுக்கு நான்கு முறை காலி செய்தாலும், முதுகெலும்பு துருத்திக்கொண்டு தெரியும். இன்சுலின் ஊசி போட ஆரம்பித்துச் சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு மெல்ல உடம்பு தேறும். ஆனால் சில பூனைகள் இந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. ஊசி போட்டும் சர்க்கரை இறங்காது. அளவைக் கூட்டினாலும் இறங்காது. இளைத்திருக்க வேண்டிய பூனையோ மாதாமாதம் எடை கூடும். முகம் அகன்று, பாதம் பெருத்து, வீட்டுக்கு வருகிறவர்கள் ‘நல்ல வளர்ப்பு’ என்று பாராட்டும்படி இருக்கும்.

பாராட்ட வேண்டிய விஷயம் அல்ல அது. மூளையின் அடியில், ஒரு பயறு அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் முளைத்த சிறு கட்டியின் வேலையாக இருக்கலாம். அந்தக் கட்டி வளர்ச்சி ஹார்மோனைத் தேவைக்கு மேல் சுரந்து தள்ளுகிறது. அதன் தூண்டுதலில் கல்லீரல் ஐ.ஜி.எஃப்-1 என்ற மற்றொரு பொருளை அதிகமாக உண்டாக்குகிறது. இரண்டும் சேர்ந்து எலும்பையும் தசையையும் உள்ளுறுப்புகளையும் பெருக்க வைக்கின்றன. கூடவே வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினின் கையையும் கட்டிவிடுகிறது. கணையம் சுரக்கும் இன்சுலினும் சரி, ஊசி வழியே போகும் இன்சுலினும் சரி, உடம்பில் தன் வேலையைச் செய்ய முடிவதில்லை. இந்த நோயின் பெயர் அக்ரோமெகலி.

நோய் கண்டுபிடிக்கப்படும் வரை பழி விழுவது பெரும்பாலும் ஊசி போடும் கையின் மீதுதான். ஊசி தோலுக்கு அடியில் போனதா, ரோமத்தில் போனதா? மருந்துக் குப்பி வெயிலில் இருந்ததா? காலாவதித் தேதி என்ன? யாராவது ரகசியமாகப் பிஸ்கட் கொடுக்கிறார்களா? கால்நடை மருத்துவர் இந்தக் கேள்விகளைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். பல் சீழ், சிறுநீர்த் தொற்று, கணைய அழற்சி, வேறு காரணத்துக்காகக் கொடுத்த ஸ்டீராய்டு மருந்து ஆகியவையும் இன்சுலினை எடுபடாமல் செய்யக்கூடியவை. அவற்றையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்க வேண்டும். ஆனால் எல்லாவற்றுக்கும் சரியான பதில் கிடைத்த பிறகும் சர்க்கரை இறங்கவில்லை என்றால், கேள்வி வளர்ப்பவரை விட்டுப் பூனையின் தலைக்குள் போக வேண்டும். பல வீடுகளில் அது போவதற்கு மாதங்கள், சில வீடுகளில் ஆண்டுகள் ஆகின்றன.

இத்தனைக்கும் விஷயம் புதிதல்ல. மனிதர்களுக்கு வரும் அக்ரோமெகலிக்குப் பாரிஸ் நகர டாக்டர் பியர் மாரி பெயர் வைத்தது 1886-ல். மோதிரம் விரலுக்குப் போதாமல் போவது, செருப்பின் அளவு கூடிக்கொண்டே போவது, தாடை முன்னுக்கு வருவது எல்லாம் அதன் அறிகுறிகள். பிட்யூட்டரிக்கும் சர்க்கரைக்கும் உள்ள உறவை நாய்களை வைத்து நிரூபித்தவர் அர்ஜெண்டினாவின் பெர்னார்டோ ஊசே. கணையத்தை அகற்றிச் சர்க்கரை நோய் உண்டாக்கிய நாய்க்குப் பிட்யூட்டரியையும் அகற்றினால் நோயின் கடுமை குறைந்துவிடுகிறது என்று அவர் காட்டினார். அதற்காக 1947-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஆக, சர்க்கரை ஏறுவதற்குக் கணையம் மட்டுமே காரணம் அல்ல, மூளையின் அடியிலிருந்தும் ஏறலாம் என்பது முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகத் தெரிந்த சங்கதி.

தெரியாமல் இருந்தது, பூனைகளிடையே இது எவ்வளவு பரவலானது என்பதுதான். மனிதர்களில் இது லட்சத்தில் சிலருக்கு வரும் நோய். பூனைகளிலும் அப்படித்தான் என்று வெகுகாலம் நம்பப்பட்டது. லண்டனில் 1791-ல் தொடங்கப்பட்ட ராயல் வெட்டரினரி காலேஜ் அந்த நம்பிக்கையைக் கலைத்தது. அதன் ஆராய்ச்சியாளர்கள் பிரிட்டன் முழுவதிலுமிருந்து சர்க்கரை நோயுள்ள 1,221 பூனைகளின் ரத்தத்தை வாங்கிச் சோதித்தார்கள். முடிவு 2015-ல் வெளியானது. 319 பூனைகளுக்கு, அதாவது நூற்றுக்கு 26-க்கு, ஐ.ஜி.எஃப்-1 அளவு எல்லையைத் தாண்டி இருந்தது. அவற்றில் ஒரு பகுதியை மேற்கொண்டு ஸ்கேன் போன்ற சோதனைகளுக்கு உட்படுத்தியபோது ஏறக்குறைய எல்லாவற்றிலும் நோய் உறுதியானது.

தொல்லை கொடுக்கும் பூனைகளின் ரத்தத்தையே டாக்டர்கள் அதிகமாக அனுப்பியிருக்கலாம். அதனால் விகிதம் கொஞ்சம் கூடியிருக்கலாம் என்று சொல்ல இடமுண்டு. ஐரோப்பாவின் வேறு பகுதிகளில் பின்னர் நடந்த ஆய்வில் விகிதம் இதைவிடக் குறைவாகத்தான் வந்தது. ஆனாலும் ஐந்தில் ஒன்று என்றே வைத்துக்கொண்டாலும், ‘அபூர்வ நோய்’ என்ற பேச்சுக்கு இடமில்லை. அதே லண்டன் ஆய்வில் மற்றொரு விவரமும் இருந்தது. நோய் இருந்த பூனைகளைப் பார்த்த டாக்டர்களில் சுமார் நான்கில் ஒருவருக்குத்தான் இந்த நோயாக இருக்கும் என்ற பலமான சந்தேகம் இருந்தது. மற்றவர்களுக்கு அது இன்னொரு சர்க்கரைப் பூனை, அவ்வளவே.

அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அகன்ற முகம், முன்னுக்குத் தள்ளிய கீழ்த்தாடை, பல்லுக்குப் பல் இடைவெளி, தட்டையாகப் பெருத்த பாதம், தூங்கும்போது குறட்டை ஆகியவை முற்றிய நிலையின் அடையாளங்கள். தொடக்கத்தில் பூனை பூனையாகத்தான் இருக்கும். நோய் வருவது பெரும்பாலும் நடுத்தர வயதைத் தாண்டிய பூனைகளுக்கு, அதிலும் கருத்தடை செய்த ஆண் பூனைகளுக்கு. வயதான கடுவன் கொஞ்சம் தடித்திருந்தால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? மாற்றம் மெல்ல மெல்ல வருவதால் தினமும் பார்க்கும் கண்ணுக்கு அது தெரிவதும் இல்லை. ஐந்து வருடத்துக்கு முன் எடுத்த புகைப்படத்தை இன்றைய முகத்தோடு வைத்துப் பார்ப்பது செலவில்லாத சோதனை. அதில் தாடை காட்டிக்கொடுத்துவிடும்.

செலவுள்ள சோதனை ஐ.ஜி.எஃப்-1 ரத்தப் பரிசோதனை. அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கல்லீரல் அந்தப் பொருளை உண்டாக்க இன்சுலின் தேவை. சர்க்கரை நோய் இப்போதுதான் தெரியவந்து, ஊசி இன்னும் ஆரம்பிக்காத பூனைக்கு இந்தச் சோதனையைச் செய்தால், நோய் இருந்தும் அளவு குறைவாகக் காட்டி ஏமாற்றிவிடும். அதனால் ஆறு முதல் எட்டு வாரம் இன்சுலின் போட்ட பிறகு சோதிப்பதே நல்லது. ஒரு முறை குறைவாக வந்துவிட்டது என்பதற்காக வழக்கை மூடிவிடவும் கூடாது. சர்க்கரை தொடர்ந்து முரண்டு பிடித்தால் சில வாரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். அளவு கூடியிருந்தால் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கட்டியைக் காட்டும். சில பூனைகளில் கட்டி மிகச் சிறியதாக இருந்து ஸ்கேனுக்கும் சிக்காமல் போவதுண்டு.

நோய் உறுதியான அன்று வளர்ப்பவருக்கு இரண்டு உணர்ச்சிகள் ஒன்றாக வரும். தப்பு தன்னுடையது அல்ல என்ற நிம்மதி ஒன்று. மூளையில் கட்டி என்ற திகில் மற்றொன்று. இந்த இரண்டுக்கும் நடுவில், நடைமுறையில் என்ன மாறுகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. மாறுவது இலக்கு.

சாதாரணச் சர்க்கரைப் பூனைக்கு ஒரு பெரிய நம்பிக்கை உண்டு. மாவுச்சத்து குறைந்த உணவும், சீக்கிரமே தொடங்கிய இன்சுலினும் சேர்ந்தால் சில மாதங்களில் ஊசியே வேண்டாத நிலைக்குப் பல பூனைகள் வந்துவிடுகின்றன. அக்ரோமெகலிப் பூனைக்கு, கட்டியைக் கவனிக்காதவரை, அந்த நம்பிக்கை அநேகமாகக் கிடையாது. அதன் சர்க்கரையைத் தினமும் பழைய இலக்கை நோக்கித் துரத்தினால் வளர்ப்பவர் களைத்துப் போவார். பூனை ஆபத்தில் மாட்டும். புதிய இலக்கு இன்னும் எளிமையானது. பூனை தாகத்தில் தவிக்கக் கூடாது, இளைக்கக் கூடாது, ரத்தத்தில் கீட்டோன் சேரக் கூடாது, சர்க்கரை திடீரென்று அதலபாதாளத்தில் விழக் கூடாது. இந்த நான்கும் நடந்தால், அளவுமானியில் எண் சற்றுக் கூடுதலாகவே இருந்தாலும் நிர்வாகம் சரியாக நடக்கிறது என்று அர்த்தம்.

இன்சுலின் அளவு விஷயத்தில் முதலில் பயம் போக வேண்டும். பூனைக்கு வழக்கமாக ஆரம்பிக்கும் அளவு வேளைக்கு 1 யூனிட். நாளுக்கு இரு வேளை. அக்ரோமெகலிப் பூனைக்கு அது 5 ஆகும், 10 ஆகும், சிலவற்றுக்கு 20-ஐயும் தாண்டும். ‘இவ்வளவு போட்டால் செத்துப்போகாதா?’ என்று கை நடுங்குவது இயல்பு. ஹார்மோனின் எதிர்ப்பு அவ்வளவு பலமாக இருக்கும்போது அந்த அளவு அதிகமே அல்ல. ஆனால் அதை எட்ட வேண்டியது மருத்துவர் சொற்படி, சர்க்கரையைப் பார்த்துப் பார்த்து, படிப்படியாக. இன்று 3, நாளை 8 என்று தாண்டக் கூடாது.

கைச்செலவும் கூடவே ஏறும். மில்லிலிட்டருக்கு 100 யூனிட் கொண்ட 3 மில்லிலிட்டர் குழலில் இருப்பது 300 யூனிட். வேளைக்கு 1 யூனிட் போடும் வீட்டில், திறந்து வைக்கக்கூடிய நாள் கெடு முடிந்து மிச்சத்தைத்தான் கொட்ட வேண்டியிருக்கும். வேளைக்கு 15 யூனிட் என்றால் அதே குழல் பத்தே நாளில் தீர்ந்துவிடும். மாத பட்ஜெட் போடுகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு இது.

உண்மையான அபாயம் அளவு ஏறுவதில் இல்லை. தேவை திடீரென்று இறங்குவதில் இருக்கிறது. கட்டி ஹார்மோனை எல்லா நாளும் ஒரே சீராகச் சுரப்பதில்லை. ஒரு வாரம் கொட்டும், ஒரு வாரம் அடங்கும். பத்து நாளாக 12 யூனிட்டுக்கும் அசையாத சர்க்கரை, பதினோராம் நாள் அதே 12 யூனிட்டில் சரிந்துவிடலாம். மாதக்கணக்கில் கூடுதல் எண்களையே பார்த்துப் பழகிய வீட்டில் அன்றைக்கு யாரும் எச்சரிக்கையாக இருக்க மாட்டார்கள். அக்ரோமெகலி என்று தெரிந்துகொள்வதன் பெரிய லாபமே, இந்தப் பதினோராம் நாள் வரக்கூடும் என்று தெரிந்திருப்பதுதான்.

அந்த நாளின் அறிகுறிகள்: தள்ளாடும் நடை, சோர்வு, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத மந்தம், உடம்பு துடிப்பது, கடைசியில் வலிப்பு. சில பூனைகள் எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கிவிடும். விழித்திருக்கும் பூனைக்கு உடனே உணவு கொடுக்க வேண்டும். சாப்பிட மறுத்தால் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ விரலில் தொட்டு ஈறில் தடவ வேண்டும். நினைவில்லாத பூனையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். ஈறில் கொஞ்சம் தடவிவிட்டு மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். தெளிந்துவிட்டதே என்று அலட்சியமாக இருக்கவும் கூடாது. போட்ட இன்சுலின் இன்னும் பல மணி நேரம் வேலை செய்துகொண்டிருக்கும்.

இதைத் தடுக்க மூன்று விதிகள் போதும். பூனை சாப்பிடவில்லை என்றால், மருத்துவரைக் கேட்காமல் வழக்கமான அளவைப் போடக் கூடாது. ஊசி போட்டோமா இல்லையா என்ற சந்தேகம் வந்தால் மறுபடி போடக் கூடாது. ஒரு வேளை தவறினால் சமாளிக்கலாம், இரு மடங்காகிவிட்டால் கஷ்டம். வீட்டில் ஊசி போடுகிறவர் ஒருவருக்கு மேல் இருந்தால், போட்ட உடனே நேரத்தைக் குறித்து வைக்க வேண்டும். ‘நான் போட்டேன், நீயும் போட்டாயா?’ என்று கணவனும் மனைவியும் ராத்திரி பதினொரு மணிக்கு முழிக்கும் நிலை வராது.

இந்தியாவில் இன்னொரு கண்ணியும் உண்டு. மருந்துக் கடைகளில் இன்சுலின் இரண்டு செறிவில் கிடைக்கிறது: மில்லிலிட்டருக்கு 40 யூனிட், 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை. சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 4 கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 4 யூனிட் அல்ல, 10 யூனிட். மாற்றிச் செய்தால், அதாவது 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 4 வரை இழுத்தால், போவது 1.6 யூனிட்தான். முதல் தவறு பூனையைக் கொல்லும். இரண்டாவது தவறு, இல்லாத ‘இன்சுலின் எதிர்ப்பை’ உண்டாக்கிக் காட்டி, தேவையில்லாத ஸ்கேன் வரை கொண்டுபோய்விடும். மருந்து வாங்கும் ஒவ்வொரு முறையும் குப்பியில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்ப்பதற்கு அரை நிமிடம் ஆகாது. குப்பியின் இடம் குளிர்பதனப் பெட்டியின் நடுத்தட்டு. உறைபனி அறையில் வைத்தால் கெட்டுவிடும். கோடையில் நீண்ட மின்வெட்டு இருக்கும் ஊர்களில் ஐஸ் போட்ட பிளாஸ்க்கோ மண்பானையோ கைகொடுக்கும். குப்பி ஐஸோடு நேராக ஒட்டாமல் பார்த்துக்கொண்டால் சரி.

சர்க்கரையை அளக்க மருத்துவமனை சரியான இடமல்ல. கூடையில் அடைத்து, ஆட்டோவில் குலுங்கி, நாய் குரைக்கும் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்த பூனைக்கு, நோயே இல்லாவிட்டாலும் பயத்தில் சர்க்கரை ஏறிவிடும். வீட்டில் அளப்பதே நம்பகமானது. காதின் ஓரத்தில் ஓடும் மெல்லிய நரம்புக்குப் பக்கத்தில் லேசாகக் குத்தினால் ஒரு சொட்டு ரத்தம் போதும். காதை முதலில் உள்ளங்கையால் சூடுபடுத்த வேண்டும், குத்தியதும் பிடித்த தின்பண்டம் ஒரு துணுக்கு கொடுக்க வேண்டும். இரண்டு வாரத்தில் பெரும்பாலான பூனைகள் வழிக்கு வந்துவிடும். மனிதர்களுக்கான கருவி பூனை ரத்தத்தில் உண்மையான அளவைவிடக் கொஞ்சம் குறைவாகக் காட்டக்கூடும். அதனால் எந்தக் கருவி என்பதை மருத்துவரிடம் சொல்லி, ஒரே கருவியையே தொடர்ந்து பயன்படுத்துவது நல்லது. தோலில் ஒட்டிக்கொண்டு 14 நாள் சர்க்கரையைக் காட்டும் மனிதர்களுக்கான சாதனத்தையும் இப்போது மருத்துவர்கள் பூனைக்கு ஒட்டுகிறார்கள். பூனையின் மேல் அது பல சமயம் கெடுவுக்கு முன்பே கழன்றுவிடுகிறது. ஆனாலும் நள்ளிரவு மூன்று மணிக்குச் சர்க்கரை என்ன செய்கிறது என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும். இந்த நோயில் அந்தத் தகவலுக்கு மதிப்பு அதிகம்.

சாப்பாட்டு விஷயத்தில் நம் வீடுகளுக்குப் பழைய பழக்கம் ஒன்று உண்டு. பால் சோறும் தயிர்ச் சாதமும் பூனைக்கு உரியவை என்ற எண்ணம். பூனை பிறவியிலேயே மாமிச பட்சிணி. அரிசி அதற்கு வெறும் சர்க்கரை. உலர் தீனியிலும் பலவற்றில் மாவுச்சத்து அதிகம். இறைச்சி, மீன், முட்டை வழிப் புரதம் கூடுதலாகவும் மாவுச்சத்து குறைவாகவும் உள்ள ஈர உணவே இந்தப் பூனைக்கு ஏற்றது. ஆனால் சோற்றை ஒரே நாளில் நிறுத்திவிட்டு இன்சுலினை மட்டும் பழைய அளவிலேயே போட்டால் சர்க்கரை சரிந்துவிடும். உணவு மாற்றமும் மருத்துவருக்குத் தெரிந்து, மெதுவாக நடக்க வேண்டியது.

பசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அக்ரோமெகலிப் பூனையின் பசி சாதாரணப் பசி அல்ல. சர்க்கரை நோயும் வளர்ச்சி ஹார்மோனும் இரு பக்கமும் நின்று அதை விரட்டுகின்றன. சமையல் மேடையில் ஏறும், குப்பைக் கூடையைக் கவிழ்க்கும், நடு இரவில் முகத்தில் அறைந்து எழுப்பும். அது பேராசை அல்ல, நோய். நாளுக்கான உணவை நான்கைந்து வேளையாகப் பிரித்துக் கொடுத்தால் அதற்கும் நிம்மதி, வீட்டுக்கும் நிம்மதி. வாரம் ஒரு முறை எடை பார்க்க வேண்டும். பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மேடையில் நின்று, பிறகு தனியாக நின்று, கழித்தால் முடிந்தது. இந்த நோயில் எடை கூடுவதை முன்னேற்றம் என்று உடனே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

சர்க்கரையோடு விஷயம் முடிவதில்லை. இதயத் தசை தடிக்கிறது, சிறுநீரகம் பெருக்கிறது, மூட்டுகள் தேய்கின்றன. தூங்கும் பூனையின் மூச்சை நிமிடக் கணக்கில் எண்ணிப் பழகுவது நல்லது. எப்போதும் இருப்பதைவிட வேகம் தெளிவாகக் கூடினாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ இதயம் திணறுகிறது என்று பொருள். பல் பிடுங்கவோ வேறு சிகிச்சைக்கோ மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால், டாக்டரிடம் முதல் வாக்கியமாக ‘இதற்கு அக்ரோமெகலி இருக்கிறது’ என்று சொல்லிவிட வேண்டும். தொண்டைத் தசை பெருத்திருப்பதால் மூச்சுக் குழாய் செருகுவது சிரமமாகலாம். வழக்கமான வேகத்தில் டிரிப் ஏற்றினால் இதயம் தாங்காமல் போகலாம். மூட்டு வலிக்குத் தாழ்வான மணல் தட்டு, கட்டிலுக்கு ஏற ஒரு பலகை, மெத்தென்ற படுக்கை எல்லாம் உதவும். வலிக்கிறதே என்று வீட்டு அலமாரியிலிருக்கும் பாரசிட்டமாலைக் கொடுத்துவிடக் கூடாது. ஒரே மாத்திரை பூனையின் உயிரை எடுத்துவிடும்.

இவையெல்லாம் விளைவைச் சமாளிக்கும் வழிகள். வேரான கட்டிக்குச் சிகிச்சை இல்லையா? இருக்கிறது. வாயைத் திறந்து, மேலண்ணம் வழியாகச் சென்று பிட்யூட்டரியையே எடுத்துவிடும் அறுவைச் சிகிச்சையை நாய்களிலும் பூனைகளிலும் வளர்த்தெடுத்ததில் நெதர்லாந்தின் யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. லண்டன் கல்லூரி இதைச் செய்த 68 பூனைகளின் கணக்கை 2021-ல் வெளியிட்டது. 58 பூனைகள் நான்கு வாரம் கழித்தும் உயிரோடு இருந்தன, 10 இறந்தன. பிழைத்தவற்றில் 41 பூனைகளுக்கு, அதாவது பத்தில் ஏழுக்கு, இன்சுலின் ஊசியே தேவைப்படாமல் போயிற்று. அதற்குப் பதிலாக, எடுத்த சுரப்பி செய்துவந்த வேலைக்கு ஈடாக, ஆயுள் முழுவதும் ஹார்மோன் மாத்திரைகள். அவற்றை ஒரு நாளும் விட முடியாது.

கதிர்வீச்சு இன்னொரு வழி. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் துல்லியக் கதிர்வீச்சு கொடுத்த 53 பூனைகளின் விவரத்தை 2018-ல் வெளியிட்டது. இன்சுலின் கணக்கு கிடைத்த 41 பூனைகளில் 39-க்கு ஊசி அளவு குறைந்தது. 13-க்கு ஊசியே நின்றது. ஆனால் பலன் எந்த மாதத்தில் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அது வரும் நாளில் பழைய அளவு இன்சுலினைப் போட்டுக்கொண்டிருந்தால் பெரும் ஆபத்து. மூன்றாவது வழி மருந்து. மனிதர்களுக்கான பாசிரியோடைடு என்ற ஊசியை மாதம் ஒன்றாக 14 பூனைகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஆறு மாதம் முடித்தவை எட்டு. அவற்றில் மூன்றுக்கு இன்சுலின் நின்றது. பலவற்றுக்கு வயிற்றுப்போக்கு. விலையோ கண்ணைக் கட்டும். கபெர்கோலின் மாத்திரை விலை குறைவு. அதைக் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வுகளில் சில பூனைகளுக்குப் பலன், பலவற்றுக்கு இல்லை.

அமெரிக்காவில் 2022, 2023-ல் அனுமதி பெற்ற, வாய்வழிச் சர்க்கரை மருந்துகளைப் பற்றிக் கேள்விப்பட்டு, ‘ஊசியை விட்டுவிடலாமா?’ என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்த அனுமதி, முன்பு இன்சுலின் போடாத பூனைகளுக்கு மட்டும். இன்சுலினிலேயே மாதக்கணக்கில் இருக்கும் பூனையை அதற்கு மாற்றினால் கீட்டோன் சேர்ந்து உயிருக்கு ஆபத்து வரலாம். சொந்த முடிவில் செய்யக்கூடிய காரியம் அல்ல.

அறுவையும் கதிர்வீச்சும் எல்லோருக்கும் எட்டுபவை அல்ல. பணம் இருந்தாலும் தூரம் தடுக்கும். தூரம் இல்லாவிட்டாலும் பூனையின் வயதும் இதயமும் தடுக்கும். ஆகவே பெரும்பாலான வீடுகளில் சிகிச்சை என்பது காலை ஏழு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் போடும் ஊசிதான். அதைக் குறைந்த சிகிச்சை என்று நினைத்து வெட்கப்பட வேண்டியதில்லை. நோய் தெரிந்து, அளவு சரியாக இருந்து, சரிவுக்குத் தயாராக இருந்தால், அப்படியே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த பூனைகள் உண்டு. சில மாதங்களில் இதயமோ சிறுநீரகமோ கைவிட்டுப் போனவையும் உண்டு. எது எந்தக் கட்சி என்று முதல் நாளில் எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது.

சொல்லக்கூடியது, பூனை இன்று எப்படி இருக்கிறது என்பதுதான். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். நேரம், ஊசி அளவு, சர்க்கரை எண், சாப்பாடு, தண்ணீர், எடை என்று கட்டம் போடுபவர்கள் கூடவே இன்னொரு கட்டமும் போட வேண்டும்: ஜன்னலில் ஏறியதா, உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொண்டதா, வாசலில் வந்து நின்று வரவேற்றதா? சர்க்கரை எண் மோசமாக இருந்த நாளிலும் இந்தக் கட்டம் நிறைந்திருக்கலாம். எண் அழகாக இருந்த நாளில் இது காலியாக இருக்கலாம். மருத்துவர் அளவை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியது இரண்டையும்தான்.

கடைசிக் கட்டம் வாரக்கணக்கில் காலியாகவே இருந்து, மூச்சும் நடையும் பார்வையும் தளர்ந்துவிட்டால், வலியில்லாமல் வழியனுப்பி வைப்பதும் மருத்துவத்தில் சேர்ந்ததே. அந்த முடிவை எடுத்துவிட்டு, ‘இன்னும் கொஞ்சம் கூட்டிப் போட்டிருக்கலாமோ, ஒரு வேளை விட்டுப்போயிற்றோ’ என்று பின்னால் தன்னையே விசாரித்துக்கொள்கிறவர்கள் அநேகம். நோட்டைப் புரட்டினால், ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு மாலையும் ஊசி போட்ட நேரம் அவர்கள் கையெழுத்திலேயே எழுதியிருக்கும்.